வெள்ளிக்கிழமைச் சூலம்

ஆதிலட்சுமிக்கு இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கூட்டத்தை மறித்து நின்று நின்றே சேர்த்த வலி. ஏட்டாக ஓய்வு பெற்ற பிறகு பென்ஷன் மாதத்துக்கு ஒரு முறை வந்தது, வலி தினமும் வந்தது. ஆட்டோவிலிருந்து ஒரு காலை இறக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு காலை இறக்குவதற்குள் தருமன் சுற்றி வந்து பீடி பற்றவைத்துவிட்டான்.

"மெதுவா இறங்குங்க ஏட்டம்மா. திருடன் காத்திருப்பான்" என்றான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் மாடியில் அவள் துப்பறியும் ஆபீஸ் திறந்த நாளிலிருந்து தருமன்தான் வண்டி, தருமன்தான் உதவியாள். காணாமல் போன கிரிவல பக்தர், கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை விசாரணை, இதுதான் பிழைப்பு. வண்டிக்கு அவ்வப்போது ரிப்பேர் வரும். அவன் வாய்க்கு வராது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு உள்ளே போகும் சந்தில் அந்த வீடு. வாசலில் மணிவேல் நின்றிருந்தான். ரமணாசிரமம் பக்கத்தில் செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவான், பஞ்சர் ஒட்டுவான். அதற்கு முன்னால் கல் குவாரியில் ஜல்லி உடைத்தான். இடது கையில் இரண்டு விரலுக்கு நகம் முளைக்கவே இல்லை. உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தக் கை நீட்டினான். கை நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் போனது. ராத்திரி தூங்கியிருக்கமாட்டான் என்று ஆதிலட்சுமி நினைத்தாள். அன்றைக்கு அவள் செய்த முதல் தப்பு அது.

விஷயத்தை அவன் வேகமாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பெல்ஜியத்தில் ஒரு பெரிய சைக்கிள் பந்தயம். அதை நேரில் பார்க்கப் போகிறான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆசிரமத்துக்கு வந்து அவனிடமே சைக்கிள் எடுக்கும் யான் என்ற பெல்ஜியக் கிழவர்தான் டிக்கெட் எடுத்து, விசாவுக்குக் கடிதம் அனுப்பி, தன் வீட்டிலேயே தங்கச் சொல்லியிருந்தார். இன்று ராத்திரி சென்னையில் விமானம், புதன்கிழமை திரும்பி வருகிறான். பொழுது சாய்வதற்குள் கார் கிளம்ப வேண்டும். பீரோவில் வைத்த பாஸ்போர்ட்டைக் காலையிலிருந்து காணோம். ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டார்கள். எழுதினால் கிடைத்துவிடுமா என்று அவனே கேட்டு அவனே இல்லை என்று தலையாட்டினான்.

இந்தப் பந்தயத்தைப் போனில் பார்க்க முடியாதா என்று தருமன் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"போன்ல மூஞ்சி தெரியும்பா. கல்லு தெரியாது. அந்த ரோட்டுல ஊரு ஊருக்குக் கருங்கல்லு பாவியிருக்கான். எவனோ நம்மள மாதிரி ஒருத்தன் ஒடச்ச கல்லு. அது மேல சைக்கிள் போறப்ப கையி எப்படி ஒதறும், தொட எப்படி நடுங்கும், பக்கத்துல நின்னு பாக்கணும். ஒரே ஒரு வாட்டி."

"அடுத்த வருஷம் போறதுதானே?" என்றான் தருமன்.

"அடுத்த வருஷம் எனக்கு ஆவாது" என்றான் மணிவேல். ஏன் என்று சொல்லவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி பார்ப்பது போல அவர்களைப் பார்த்தான்.

அவன் மனைவி பாஞ்சாலை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

பீரோ பூட்டு உடையவில்லை. சாவி எல்லா வீட்டிலும் இருக்கும் இடத்தில், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே ஒரு ஜோடி தோடு அப்படியே கிடந்தது. போனது இரண்டே இரண்டு. பாஸ்போர்ட், அதோடு இந்தப் பயணத்துக்கென்று வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த ஒரு புதுத் துண்டு.

யார் மேல் சந்தேகம் என்றதற்கு மணிவேல் தயங்கி மச்சான் பேரைச் சொன்னான். பாஞ்சாலையின் தம்பி ராஜா, நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவன். இரண்டு நாளைக்கு முன்னால் இந்தப் பயணத்தை வைத்துச் சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"முடிஞ்சுது. மச்சான்தான்" என்றான் தருமன் அவள் காதோரம். "எந்த வீட்டுலயும் திருடன் மச்சான்தான் ஏட்டம்மா. எங்க மாமியார் வீட்டுல நானே மச்சான், எனக்குத் தெரியாதா."

ஆதிலட்சுமி இடுப்பைப் பிடித்தபடி குனிந்தாள். பாஸ்போர்ட் இருந்த தட்டில் எறும்பு மொய்த்திருந்தது. அங்கிருந்து ஒரு சாரை இறங்கி, பீரோ காலைச் சுற்றி, வாசற்படி வரைக்கும் போயிற்று. அவை இழுத்துக்கொண்டிருந்த துணுக்கை நகத்தில் எடுத்து முகர்ந்தாள். வெல்லம். பக்கத்திலேயே மஞ்சள் தடவிய அரிசி நாலு.

பாஸ்போர்ட் திருடுபவன் தோட்டை விட்டுவிட்டுத் துண்டை எடுப்பானா? எடுத்த இடத்தில் மஞ்சள் அரிசி போட்டு வெல்லம் வைப்பானா?

"இந்த அரிசி யார் வச்சது" என்று அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம்." கேள்வி முடிவதற்குள் பாஞ்சாலையின் பதில் வந்துவிட்டது.

ஆதிலட்சுமி மேலே கேட்கவில்லை. வெளியே வந்ததும் தருமன் ஏன் விட்டீங்க என்றான். புருஷன் எதிரில் கேட்டால் அந்த வாய் இன்னும் இறுகும், நமக்கு இருப்பதோ ஒரு பகல் என்றாள். பிறகு ஆட்டோவில் ஏறி, முதுகுக்குத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு விளக்கினாள்.

கிளம்புகிற நாள் சரியில்லை என்றால் பழைய ஆட்கள் ஒரு வேலை செய்வார்கள். அதற்கு முந்தி வரும் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், போகிறவனுடைய பொருள் ஒன்றை அவன் போகும் திசையில் இருக்கும் யார் வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பேர். பொருள் போனாலே ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் கெட்ட நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை, போகிற வழியில் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

"ஓகோ. அப்ப பாஸ்போர்ட் நேத்தே கெளம்பிடுச்சு. ஆளுதான் பாக்கி" என்றான் தருமன். "செரி, துணி வைப்பாங்க, பையி வைப்பாங்க. பாஸ்போர்ட்டையா வைப்பாங்க?"

"எது இல்லாம போவ முடியாதோ அத வச்சா இன்னும் நல்லதுன்னு நெனச்சிருக்கும் அந்தம்மா. நமக்கு வேண்டியது ஒண்ணுதான். எந்த வீடு?"

சென்னைக்குப் போகிறவன், ஆகவே சென்னை போகும் பக்கம். அவலூர்ப்பேட்டை ரோட்டில் பாஞ்சாலையின் அக்காள் அருணாதேவி இருந்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் கோயிலைச் சுற்றி அடைத்துக்கொண்டிருக்க, தருமன் சந்து சந்தாக நுழைந்து ஊரைத் தாண்டினான். அருணாதேவி தையல் மெஷினை விட்டு எழுந்து, சந்தேகப்பட்டுத்தானே வந்தீர்கள் என்று அரிசிப் பானை வரைக்கும் கவிழ்த்துக் காட்டினாள். தங்கச்சி இந்த மாசம் வாசல் மிதிக்கவே இல்லை என்றாள். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு உறவுக்காரர்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், இன்னொன்றில் அதுவும் இல்லை.

வெயில் தலைக்கு மேலே போய் அந்தப் பக்கம் சாயத் தொடங்கிற்று. மணிவேல் போன் செய்துகொண்டே இருந்தான். முதலில் கிடைச்சுதா என்று கேட்டான். அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டான். போனை எடுத்தால் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு முறை அந்த மூச்சு அழுகையாகி அறுந்தது. குவாரியில் வேலை செய்தவன் அழுவதை ஆதிலட்சுமி அதுவரை கேட்டதில்லை.

ரோட்டோர டீக்கடையில் நிறுத்தினார்கள். அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. காலையிலிருந்து அந்த மோரைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. தருமன் ஒரு பன்னைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "நாமளும் மெட்ராஸ் மெட்ராஸ்னு அலையறோம். பெல்ஜியம் போறவனுக்கு மெட்ராஸ் இன்னா ஏட்டம்மா? ஒரு பஸ் ஸ்டாப்பு."

ஆதிலட்சுமி பன்னை மெல்லுவதை நிறுத்தினாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமதானே?"

"ஆமா. கூட்டத்தப் பாத்தா தெரியலயா."

"வெள்ளிக்கெழம சூலம் எந்தப் பக்கம்?"

தருமன் டீக்கடைக்காரரைப் பார்த்தான். அவர் பாலை ஆற்றிக்கொண்டே மேற்கு என்றார்.

"பரிகாரம்?"

"வெல்லம்."

அவள் டம்ளரை வைத்தாள். சூலம் இருக்கும் திசைக்கு அன்று கிளம்பக் கூடாது, கிளம்பினால் பரிகாரம் வேண்டும்: கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், தெற்குக்கு எண்ணெய். வெல்லம் மேற்குக்கு மட்டும். சென்னை இருப்பது வடகிழக்கே. சென்னைக்குப் போகிறவனுக்கு வெள்ளிக்கிழமை ஒரு குற்றமும் இல்லை, வெல்லமும் வேண்டாம், பரஸ்தானமும் வேண்டாம். அப்படியிருந்தும் பீரோவில் வெல்லம் இருந்தது.

"அந்தம்மா கணக்குல புருஷன் மெட்ராஸுக்குப் போவலடா. மேற்க போறான். அந்த யான் கெழவர்கிட்ட உங்க ஊரு எங்கன்னு கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பாரு? சாயங்கால சூரியனக் காட்டியிருப்பாரு. அது போதும் அதுக்கு."

அடி அண்ணாமலைக்கு மேற்கே என்ன இருக்கிறது? வயல். ஏரிக்கரை. கரைக்கு இந்தப் பக்கம் தனியாக ஒரு வீடு.

"ராஜா வீடு" என்றான் தருமன், வண்டியை உதைத்துக்கொண்டே. "நான் காலையிலயே சொன்னேன், மச்சான்னு."

"சொன்ன. காரணம் சொல்லல."

ராஜா மெஷினுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை கறுப்பு. பாஸ்போர்ட்டா, தெரியாதே என்றான். சொன்ன விதத்தில் பயம் இல்லை. முன்னாலேயே யோசித்து வைத்த பதில். ஆதிலட்சுமி அவனிடம் வாதாடவில்லை. நிற்க முடியாமல் மாட்டுக் கொட்டகை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததால்தான் சுவரின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. எறும்புச் சாரை ஒன்று தீவனத் தொட்டியை ஒட்டி ஏறி, சுவர் வழியாகப் பரணுக்குப் போய்க்கொண்டிருந்தது. பரணில் இருப்பது வைக்கோல். எறும்புக்கு வைக்கோலில் என்ன வேலை?

தருமன் ஏறிப் புதுத் துண்டில் சுற்றிய மூட்டையைக் கொண்டுவந்தான். உள்ளே பாஸ்போர்ட். அட்டையில் வெல்லம் உருகி ஒட்டியிருந்தது.

"வீட்டுலயும் எறும்பு, இங்கியும் எறும்பு. ஏட்டம்மா, என்னை நிறுத்திட்டு இதுங்கள வேலைக்கு வச்சுக்கலாம்" என்றான்.

ராஜா ஓடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அந்தாளு உங்ககிட்ட கண்ண பத்தி சொல்லல, இல்ல?"

அவன் சொன்னான். மணிவேலுக்குச் சர்க்கரை. வலது கண் பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டது. இடது கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது. பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் போகிறேன் என்று சொல்லி இவன் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கடைக்குப் போயிருந்த மணிவேல் போனை வீட்டில் விட்டிருந்ததால் பாஞ்சாலை எடுத்தாள். சனிக்கிழமை வந்து படுக்க வேண்டும், தள்ளிப்போடப் போட இருப்பதும் போய்விடும் என்றார்கள். நேற்றுக் காலையில்தான் அவள் மஞ்சள் அரிசி போட்டு, வெல்லம் வைத்து, பாஸ்போர்ட்டைத் தம்பி வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்தப் போன் வந்ததும் ஓடி வந்து, கேட்டாலும் குடுக்காதே என்று அழுதாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில படுக்க வேண்டிய ஆளு நாளைக்கு ஏரோபிளேன்ல இருப்பாரு. கண்ணு போச்சுன்னா எங்க அக்காதான் கையப் புடிச்சினு கக்கூஸுக்குக் கூட்டினு போவணும். நீங்களா வருவீங்க? அந்த வெள்ளக்காரனா வருவான்?"

தருமன் எடுத்த பீடியைப் பற்றவைக்காமலே திரும்பப் பைக்குள் வைத்தான்.

பாஸ்போர்ட் அவள் மடியில் இருந்தது. காற்றில் துழாவிய கையும் கோழிப் பார்வையும் இப்போது விளங்கிற்று. கேஸ் அவளுடையது. கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார் போய்விடும், விமானம் போய்விடும், மணிவேல் அழுதுவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போவான். ஒருவேளை கண் பிழைக்கும். கொடுத்தால் அவன் கேட்டது கிடைக்கும். ஒருவேளை அதுவே கடைசியாக இருக்கும். முப்பது வருஷம் உடுப்புப் போட்டிருந்தாள். திருட்டுச் சாமானைக் கண்டுபிடித்தால் சொந்தக்காரனிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் படித்திருந்தாள். அதற்கு மேல் எதுவும் படிக்கவில்லை.

அதற்குள் வரப்பில் சைக்கிள் சத்தம் கேட்டது. பாஞ்சாலையால் வீட்டில் தாங்க முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டாள். மணிவேல் கேரியரில் பையைக் கட்டிக்கொண்டு வந்தான். பின்னால் அவள் ஓடி வந்தாள். வீட்டுக்கு முன்னால் ஒரு வாய்க்கால். தினமும் தாண்டுகிற வாய்க்கால்தான். முன் சக்கரம் அப்படியே உள்ளே இறங்கிற்று. மணிவேல் சேற்றில் முழங்கால் குத்தி விழுந்தான்.

ராஜா போய்த் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டுச் சொன்னான்: "வாய்க்காலே தெரியல மாமா. பெல்ஜியம் தெரியுமா?"

மணிவேல் சேற்றைத் துடைக்கவில்லை. "பாதிக்குப் பாதின்னாரு டாக்டர். நல்லாச்சுன்னா சரி, எப்ப வேணா போவேன். ஆவலன்னா? நான் கடைசியா பாத்தது அந்த ஆஸ்பத்திரி லைட்டா இருக்கணுமாடா? பொறந்ததுலருந்து கல்லத் தவிர இன்னா பாத்தேன் நானு? அந்தக் கல்லு மேல ஒருத்தன் பறக்கறதையாவது பாத்துட்டு வந்து படுக்கறேன்."

"அப்ப எங்க அக்கா?"

பாஞ்சாலை மூச்சு வாங்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். தம்பி பக்கம் பேசுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆதிலட்சுமியும் நினைத்தாள்.

"இத இனிமே திருப்பி வீட்டுக்குள்ள எடுத்துனு போவ முடியாது ராஜா" என்றாள். "நான் வச்சேன். வச்சது வச்சாச்சு. திருப்பி எடுத்துனு போனா, போன ஆளு வரமாட்டான்னு அர்த்தம். அது முன்னாடிதான் போவணும்."

"நீதானேக்கா நேத்து குடுக்காதன்னு அழுத?"

"அழுதேன். ராத்திரி பூரா நிம்மதியாவும் இருந்துச்சு. காலையில இவரு பீரோவ தடவித் தடவித் தேடறத பாத்தேன். கண்ணால தேடல. கையால தேடறாரு." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ராஜா ஆதிலட்சுமியிடம் திரும்பினான். போவட்டும், ஆனால் வந்ததும் படுப்பான் என்று யார் சொல்வது என்று கேட்டான். இந்த ஆள் வார்த்தையை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தாயிற்று.

"நான் சொல்றேன்" என்றாள் ஆதிலட்சுமி.

"நீங்க யாரு? காலையில வந்தவங்க."

"அதான். எனக்கு இவன் புருஷனும் இல்ல, மாமனும் இல்ல. அழுதா எனக்கு எரக்கம் வராது. புதன்கெழம ஏர்போர்ட்டு வாசல்ல நான் நிப்பேன். அங்கருந்து நேரா பாண்டிச்சேரி. வீட்டுக்குக் கூட விடமாட்டேன். ஓடினா சட்டயப் புடிச்சு இழுத்தாந்து படுக்க வைப்பேன். படுக்கலன்னா நீ என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு நாலு பேரு கேக்கற மாதிரி என்னக் கேளு."

"ஏட்டம்மா ஓடிப் புடிக்க மாட்டாங்க. அதுக்கு நான் இருக்கேன்" என்றான் தருமன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ராஜா பாஸ்போர்ட்டை வாங்கி, ஒட்டியிருந்த வெல்லத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். எறும்புகளை ஊதித் தள்ளினான். மாமன் கையில் கொடுக்கவில்லை, அக்காள் கையில் கொடுத்தான். அவள் அதை மணிவேலின் மேல் சட்டைப் பைக்குள் வைத்து, வெளியிலிருந்து ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

காரை ஏரிக்கரைக்கே வரச் சொன்னார்கள். மணிவேல் சேற்றுக் காலோடுதான் ஏறினான். மேற்கே இருக்கும் ஊருக்குப் போகக் கார் கிழக்கே திரும்பிப் போயிற்று. பாஞ்சாலை புழுதி அடங்கும் வரை நின்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்தாள். ராஜா சைக்கிளை வாய்க்காலிலிருந்து இழுத்து, வளைந்த சக்கரத்தைக் காலுக்கிடையில் வைத்து நிமிர்த்த ஆரம்பித்தான்.

தருமன் ஆட்டோவைக் கிளப்பினான். கேஸ் முடிஞ்ச மாதிரிதானே என்றான். ஆதிலட்சுமி கம்பியைப் பிடித்து ஒரு காலை ஏற்றினாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறு காலையும் ஏற்றினாள்.

"பாஸ்போர்ட்டுதான் கெடச்சுது" என்றாள்.

ராஜாவுக்கு மணிவேல் தர வேண்டியது ஓர் ஆபரேஷன் பாக்கி. ஜாமீன், ஆதிலட்சுமி.